அளவுக்கு நின்ற ஆள்

பிப்ரவரி 11

சொட்டு,

நீ போய் இன்றோடு பதினாறு நாள். போனில் பேசக் கூடாது, கடிதம்தான் எழுத வேண்டும் என்று நீ போட்ட சட்டம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதை முதலில் பதிவு செய்கிறேன். இரண்டு நிமிடத்தில் பேசி முடிக்கிற விஷயத்துக்கு உறை, ஸ்டாம்பு, ஒரு வாரக் காத்திருப்பு. "போன்ல நீ என்னைப் பேசி முடிக்க விடமாட்டே. கடிதத்துல உன்னால குறுக்கே பேச முடியாது" என்றாய். சரி, நான் குறுக்கே பேசவில்லை. நீயும்தான் ஒன்றும் பேசவில்லையே.

வீடு இருக்கிறது. சமையலறைக் குழாய் ஒழுகியது, வாஷர் மாற்றிவிட்டேன். ஹாங்கருக்கு ஒரு பழைய சரக்கு விமானம் வந்திருக்கிறது. வயிற்றுப் பக்கத் தகடெல்லாம் அரித்துப்போய்விட்டது. காலை முதல் மாலை வரை பழைய ரிவிட்டைப் பிடுங்குவது, புது ரிவிட் அடிப்பது. ஆறரைக்கு வீடு. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் என் படங்கள். அதே நேரம், அதே நாற்காலி. எதிர் நாற்காலியில் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி கிடக்கிறது.

நீ கிளம்பும்போது பாதியில் விட்டதற்குப் பதில். "செத்துப்போன பிளேன் மேல உனக்கு இருக்கற அக்கறையில பத்துல ஒரு பங்கு" என்று ஆரம்பித்தாய். டாக்சி வந்துவிட்டது. நான் குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை. ஏழு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். மாதம் ஒருவர் ஒரு பழைய படம் அனுப்புவார். எங்கோ ஒரு பட்டறையில் ஒன்றே ஒன்று செய்து, பறந்தோ பறக்காமலோ போய், பெயரே மறந்துபோன விமானமாக இருக்கும். அது என்ன, யார் வடிவமைத்தது என்று மற்ற ஆறு பேரும் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான். இதில் யாருக்கு என்ன கெட்டுப்போகிறது?

ஜனவரிப் படத்தைக் குழுவில் இருக்கிற பல் டாக்டர் நாலே நாளில் கண்டுபிடித்துவிட்டார். நான் வாலுக்குக் கீழே இருந்த கம்பியைக் கவனிக்கவில்லை. அந்த ஆள் பல் பிடுங்குகிற நேரம் போக இதையேதான் பார்ப்பார் போலிருக்கிறது.

பதில் போடு. சுருக்கமாகப் போதும்.

ரிவிட்டு


மார்ச் 2

ரிவிட்டு,

சுருக்கமாகப் போதும் என்று எழுதியிருந்ததால் நீளமாக எழுதுகிறேன்.

வாரத்தில் நான்கு நாள் ஜீப்பில்தான் வாழ்க்கை. தொட்டி, கிணறு, தெருக்குழாய். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பாட்டில் தண்ணீர் பிடித்து, பெயர் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் லேபுக்குக் கொண்டுவர வேண்டும். போன வாரம் ஒரு பள்ளிக்கூடத் தொட்டியில் தண்ணீர் சரியில்லை என்று சொன்னேன். தலைமையாசிரியர் "எப்ப மூடணும்?" என்று மட்டும் கேட்டார். இப்பவே என்றேன். மூடிவிட்டார்கள். நான் சொன்னதை ஒருவர் முதல் தடவையிலேயே காதில் வாங்கி எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

டாக்சி வந்ததால் நான் நிறுத்தவில்லை. சொல்லி அலுத்துப்போய் நிறுத்தினேன். இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்ட அன்று சாப்பிடும்போது உன்னிடம் சொன்னேன். "ம்" என்றாய். நேர்காணலுக்குப் போய்வந்த அன்று சொன்னேன். "ம்" என்றாய். வேலை கிடைத்துவிட்டது என்றேன். "ம்ம்" என்றாய், அன்று மட்டும் ஒன்று கூடுதல். பெட்டியைக் கட்டி வாசலில் கொண்டுவந்து வைத்த பிறகு, "எங்கே கிளம்பிட்டே?" என்று கேட்டாயே, அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன். நிஜமாகவே உனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இன்னொரு தகவல். இது ஆறு மாத வேலை. மூன்று வருடத்துக்கு நீட்டித்துக்கொள்கிறேனா, இல்லை திரும்பிப் போகிறேனா என்று ஜூலை 31க்குள் படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். படிவம் என் மேஜை மேல் இருக்கிறது. இன்னும் நிரப்பவில்லை. மிரட்டலென்று எடுத்துக்கொள்ளாதே. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான்.

இனி உனக்குப் பிடித்த சமாசாரம். இங்கே மூடிக்கிடக்கிற தொழிற்பயிற்சிப் பள்ளி ஒன்று இருக்கிறது. பின்னால் கிணறு. தண்ணீர் எடுக்கப் போனால், புல்லுக்குள் ஒரு விமானம் நிற்கிறது. இன்ஜின் இல்லை. இறக்கைத் துணி கந்தல். காவலாளியைக் கேட்டதற்கு, "நான் வேலைக்கு வந்தப்பவே இருந்துச்சும்மா. யாரோ விட்டுட்டுப் போயிருக்காங்க" என்றார், ஏதோ குடையை விட்டுப்போன மாதிரி.

ஓட்டுநர் அண்ணனிடம் கேமராவைக் கொடுத்து எடுக்கச் சொன்னேன். மழை பிடித்துக்கொண்டது. "போதும் வாம்மா, நனையுது" என்று கத்தினார். நான்தான் விடவில்லை. பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க அளவுக்கு ஒன்றுமே இல்லாமல் படம் எடுப்பவனை ஜெயிலில் போட வேண்டும் என்று நீ எப்போதும் திட்டுவாயே, அதனால் அளவுக்கும் ஏற்பாடு செய்துதான் எடுத்தோம். படத்தைப் பார். தெரிவதையெல்லாம் எனக்கு எழுது. ஒன்று விடாமல்.

சொட்டு


மார்ச் 14

சொட்டு,

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. நேற்று லீவு போட்டேன். நான் லீவு போட்டு நீ எப்போதாவது பார்த்திருக்கிறாயா? உலகத்தில் யாரிடமும் இல்லாத படம் இது. குழுவுக்கு அனுப்பிவிட்டேன். பல் டாக்டர் பதிலே போடவில்லை. அவருக்குப் பதில் தெரியாதபோதுதான் பேசாமல் இருப்பார்.

ஒன்று விடாமல் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். இறக்கை உடம்புக்கு மேலே. தாங்குகம்பி இரண்டும் கீழே சேர்ந்து மேலே பிரிகிறது. வால் துடுப்பின் உச்சி வட்டமாக இல்லை, ரம்பத்தால் அறுத்தது போலச் சதுரம். இரண்டு இருக்கை, ஒன்றன் பின் ஒன்றாக. பின்னிருக்கைக்குத் தனிக் கதவு. இது ரொம்ப அபூர்வம். வலது இறக்கையில் துணி கிழிந்த இடத்தில் உள்ளே விலாக்கள் தெரிகின்றன, மரம், பதினொன்று எண்ணினேன். இடது சக்கரத்தில் காற்றில்லை. கண்ணாடியில் பின்பக்கம் மட்டும் முழுசாக இருக்கிறது, முன்பக்கத்தில் ஏதோ பறவை கூடு கட்டியிருக்கிறது.

இப்போது அளவு. இறக்கை நுனிக்கு நேர் கீழே மழைக்கோட்டும் தொப்பியும் ரப்பர் பூட்ஸும் போட்ட ஒரு ஆள் நிற்கிறான். நீ எழுதிய காவலாளி என்று நினைக்கிறேன். கேமராவிலிருந்து இறக்கை எவ்வளவு தூரமோ சரியாக அதே தூரத்தில், கையைத் தொங்கவிட்டு, விறைப்பாக, புல்லை மிதித்துச் சாய்த்துக் குதிகால் தெரிகிற மாதிரி நிற்கிறான். இப்படி நிற்கத் தெரிந்த ஆளை இத்தனை வருஷத்தில் எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. அவனுக்கு என் நன்றியைச் சொல். பூட்ஸோடு சேர்த்து உயரம் 172 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். அப்படியானால் இறக்கை நுனிக்கு நுனி 10.14 மீட்டர்.

நீ செய்ய வேண்டியது: டேப் எடுத்துக்கொண்டு போய்ச் சக்கரத்தின் குறுக்களவு, கதவின் அகலம், வால் துடுப்பின் உயரம் மூன்றையும் அளந்து அனுப்பு. சக்கர ரப்பரில் எண் ஏதாவது இருந்தால் துடைத்துப் பார். வரும் திங்களே போனால் நல்லது, மழையில் இன்னும் கெட்டுவிடும்.

படிவம் விஷயம்: யோசித்து நிரப்பு. உன் இஷ்டம்.

ரிவிட்டு


ஏப்ரல் 20

வணக்கம்.

உங்கள் கடிதம் வந்தது. மூன்று முறை படித்தேன். பதினொரு விலாவை எண்ணியிருக்கிறீர்கள். பறவைக் கூட்டைக்கூட விடவில்லை.

டேப் எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. மழைக்குப் பிறகு நான்கு இடங்களில் சாக்கடை குடிநீரில் கலந்துவிட்டது. ஒரு நாளைக்கு முப்பது பாட்டில். லேபில் நின்றபடியே சாப்பிடுகிறோம்.

ஒரே ஒரு கேள்வி. படத்தில் நிற்கிற அந்த ஆளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எழுதியதற்கு மேல் ஏதாவது தெரிகிறதா? அவசரமில்லை, பொறுமையாகப் பார்த்துவிட்டு எழுதுங்கள். இதற்கு மட்டும் பதில் வந்தால் போதும்.

வேறு விசேஷமில்லை. ஞாயிற்றுக்கிழமை இந்தத் தெருவில் சத்தமே கிடையாது. ஒரு ரேடியோ வாங்கியிருக்கிறேன். செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொன்னால் நானும் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தண்ணீர்ப் பரிசோதகர்


ஏப்ரல் 28

சொட்டு,

‘நீங்கள்’ வந்திருக்கிறது. யார் அது? பதிவுத் திருமணத்தில் அதிகாரி எதிரிலேயே "இங்க கையெழுத்துப் போடுடா, முழிக்காதே" என்றவள் நீ. கோபம் என்றால் காரணத்தை எழுது. எனக்கு ஊகிக்க வராது, அது உனக்கே தெரியும்.

கேள்வி நல்ல கேள்வி. நீ இந்த அளவுக்கு யோசிப்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆளை வைத்து அளவெடுத்தால் எவ்வளவு பிசகும் என்றுதானே கேட்கிறாய்? லென்ஸ் வைத்து மறுபடி பார்த்தேன். தொப்பி தலையோடு ஒட்டியிருக்கிறது, அதனால் மேலே பெரிய பிசகு இல்லை. பூட்ஸ் அடிப்பாகம் மூன்று சென்டிமீட்டர், சேர்த்துவிட்டேன். ஆளின் உயரத்தில் மூன்று சென்டிமீட்டர் பிசகினால் இறக்கையில் பதினெட்டு பிசகும். பொறுத்துக்கொள்ளலாம். முகம் தொப்பி நிழலில் இருக்கிறது, சரியாகத் தெரியவில்லை, அது நமக்குத் தேவையுமில்லை.

ஒன்று கண்ணில் பட்டது. வலது கையில் பாட்டில் மாதிரி ஏதோ வைத்திருக்கிறான். வேலை நேரத்தில் குடிக்கிற ஆள் போலிருக்கிறது. பள்ளிக்கூடத்துக்காரர்கள் யாராவது இருந்தால் காதில் போட்டுவை.

பல் டாக்டர் வாயைத் திறந்துவிட்டார். 10.14 மீட்டரில் இந்த உருவத்தில் ஒரு விமானமும் கிடையாதாம். எனக்கு வேண்டியது சக்கர அளவு. அது வந்தால் எல்லாம் முடிந்துவிடும். முப்பது பாட்டிலுக்கு நடுவில் ஒரு பத்து நிமிடம் கிடைக்காதா?

ரிவிட்டு


ஜூன் 10

சொட்டு,

ஆறு வாரம் ஆகிவிட்டது, உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று மே 20 அன்று அதே கடிதத்தை இன்னொரு தடவை எழுதி அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை.

சட்டத்தை மீறிவிட்டேன், மறைப்பதற்கில்லை. வெள்ளிக்கிழமை உன் லேபுக்கு போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். "மேடம் வெளிய போயிருக்காங்க. யார் பேசறதுன்னு சொல்லட்டும்?" என்றாள். வைத்துவிட்டேன். வீட்டுக்காரர் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்துக்கு வாயில் வரவில்லை.

விமானம் கிடைத்துவிட்டது. பல் டாக்டர்தான். எங்கோ பழைய புத்தகக் கட்டு ஒன்றில், தொழிற்பயிற்சி மாணவர்களுக்காக அச்சடித்த பத்திரிகையில், மூன்று பக்கமும் வரைந்த வரைபடம். மரவேலை ஆசிரியர் ஒருவர் வடிவமைத்து, மாணவர்களை வைத்துக் கட்டிய ஒரே விமானம். ஒரு தடவை பறந்ததாம், ஒன்பது நிமிடம். வரைபடத்தை உன் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். கம்பி, கதவு, சதுர வால், எல்லாம் முடி அளவு பிசகாமல் உட்காருகிறது. அளவு மட்டும் உதைக்கிறது. வரைபடத்தில் 9.20 மீட்டர் என்று போட்டிருக்கிறது. என் கணக்கு 10.14.

அச்சுப் பிழை என்று எழுதினேன். டாக்டர் போன் செய்துவிட்டார். "தம்பி, பிளேன் சரியாத்தான் இருக்கு. நீங்க நிறுத்திவெச்ச ஆளைச் சரிபாருங்க" என்றார். ஆள் சரியாகத்தான் நிற்கிறான், உங்கள் பத்திரிகைதான் தப்பு என்று சொல்லிச் சண்டை போட்டேன். வைத்துவிட்டார். எனக்கு போன் செய்கிற ஒரே ஆள் அவர்தான், அவரும் இனிச் செய்ய மாட்டார்.

போன திங்கள் ஹாங்கரில் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சூப்பர்வைசர், "என்னப்பா, சளியா?" என்றார். சளி இல்லை. வெள்ளி சாயங்காலத்திலிருந்து ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

சக்கர அளவு வேண்டாம். எழுதினால் போதும்.

ரிவிட்டு


ஜூன் 17

சொட்டு,

நீதான்.

மதியச் சாப்பாட்டு நேரம். டாக்டர் சொன்னது தப்பு என்று நிரூபிப்பதற்காகத்தான் கால்குலேட்டரை எடுத்தேன். இறக்கை 9.20 என்றே வைத்துக்கொண்டால், அந்த ஆள் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று திருப்பிப் போட்டேன். 156. பூட்ஸுக்கு மூன்று கழித்தால் 153. இவ்வளவு குள்ளமான காவலாளியா என்று சிரித்துக்கொண்டே எழுதிவைத்தேன். எழுதிய பிறகு அந்த எண்ணை என் கையெழுத்தில் எங்கேயோ ஏற்கெனவே பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. சாப்பாட்டு டப்பாவை மூட மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சமையலறை அலமாரி மாட்டுவதற்கு உன்னைச் சுவரோடு நிற்கவைத்துத் தலைக்கு மேல் பென்சிலால் கோடு இழுத்தேனே, கோட்டுக்குப் பக்கத்தில் 153 என்று எழுதியிருக்கிறது. அலமாரிக்கு அடியில் இருப்பதால் குனிந்தால்தான் தெரியும்.

அதற்கப்புறம் படத்தை எடுத்தேன். இந்த முறை விமானத்தை ஒரு அட்டையால் மறைத்துவிட்டேன்.

விறைப்பாக நிற்கிறான் என்று எழுதியிருந்தேன். அப்படி நிற்கவில்லை. உடம்பு பாரம் வலது காலில். ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததிலிருந்து நீ இடது முழங்காலை இப்படித்தான் லேசாக மடக்கி நிற்பாய். கோட்டு உன்னுடைய அளவு இல்லை. கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருக்கிறாய். கையில் இருப்பது தண்ணீர் பிடிக்கிற பாட்டில். அதற்கு நான் என்ன எழுதினேன் என்று நினைத்தால் இந்த மேஜையில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

படத்தை ஸ்கேன் செய்து முகத்தைப் பெரிதாக்கினேன். குறுக்கே மொத்தம் பதினான்கு புள்ளி. இரண்டு கறுப்புப் புள்ளி கண். அதற்கு மேல் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்துவிடுகிறது. சிரிக்கிறாயா இல்லையா என்று தெரியவில்லை. பக்கத்தில் வைத்துப் பார்க்க உன் படம் வேறு இருக்கிறதா என்று தேடினேன். என்னிடம் நாலாயிரத்து முந்நூறு விமானப் படம் இருக்கிறது. உன் படம் ஒன்பது. அதில் ஆறு, பாஸ்போர்ட்டுக்காக எடுத்த ஒரே படத்தின் பிரதிகள்.

ஏப்ரலில் நீ கேட்டது என்ன கேள்வி என்று இப்போதுதான் புரிகிறது. அதற்குப் பதிலாக நான் பிசகுக் கணக்கு போட்டு அனுப்பியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கும் முறை எனக்குத் தெரியாது. கேட்கிறேன். அன்றைக்குச் சிரித்தாயா?

ரிவிட்டு


ஜூலை 8

ரிவிட்டு,

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எழுதி எழுதிக் கிழித்தேன்.

உன் கடிதத்தை ஜீப்பில் படித்தேன். ஓட்டுநர் அண்ணன் என்னம்மா என்றார். சொன்னேன். "கணக்குப் போட்டு வீட்டுக்காரியைக் கண்டுபிடிச்சாரா?" என்று வண்டியை ஓரம்கட்டிவிட்டுச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிப்பு எங்கேயோ திரும்பி அழுகையாகிவிட்டது. அண்ணன் ரேடியேட்டரைப் பார்க்கிற மாதிரி இறங்கிப் போய், மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, அங்கேயே நின்றார்.

அன்று என்ன நடந்ததென்றால், குதிகால் தெரிய வேண்டுமே என்று புல்லைக் காலால் மிதித்து மிதித்துச் சாய்த்தேன். பூட்ஸுக்குள் அட்டை புகுந்து கடித்துக்கொண்டிருந்தது, அசையக் கூடாதென்று அப்படியே நின்றேன். அண்ணன், "யாருக்கும்மா இந்தப் பாடு?" என்றார். எங்க வீட்டு ஆளுக்கு, பார்த்தா சந்தோஷப்படும் என்றேன். உறையில் போடும்போது ஒரு நினைப்பு. உன் பதிலில் முதல் வரி, ‘மழையில ஏன்டி நின்னே’ என்று இருக்கும். அந்த ஒரு வரிக்காகத்தான் நின்றேன். சத்தியமாக உன்னைச் சோதிக்க அனுப்பிய படமில்லை அது. ஏப்ரலில் கேட்டதுதான் சோதனை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

சிரித்தேன். அட்டை கடித்தபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனால் ஒன்று. உன் கடிதத்தைப் பார்த்ததும் நான் பெட்டி கட்டிவிடுவேன் என்று நினைத்துக்கொள்ளாதே. தூரத்தில், மழையில், தொப்பிக்குள் இருந்தவளை அடையாளம் தெரியாமல் போனது பெரிய விஷயமில்லை. அதற்கு முன்னால் நாலு வருஷம் ஒரு கை தூரத்தில், விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தேன். அதை என்ன கணக்கில் சேர்ப்பாய்? இங்கே தனியாகத்தான் இருக்கிறேன், அது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது தனியாக இருப்பதால் வருகிற கஷ்டம். அங்கே இருந்தது வேறு. அதற்குப் பேர் எனக்குத் தெரியவில்லை.

படிவம் இன்னும் மேஜையில்தான். வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. வருவதானால் 31க்கு முன்னால் வா. அதற்கப்புறம் வந்தால் விருந்தாளி.

சொட்டு


ஜூலை 26, சனி

சொட்டு,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. உன் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ வந்ததும் கையில் கொடுப்பேன். படித்து முடிக்கிறவரை ஒரு வார்த்தை பேசமாட்டேன். பேசினால் கெடுத்துவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

பதினொன்றேகாலுக்கு வந்தேன். சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். உன் அறை பூட்டிக்கிடந்தது. கீழ் வீட்டு அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

"யாரைப் பாக்கணும்?"

"மேல இருக்கறவங்களோட வீட்டுக்காரர்."

"போன மாசம் ஒருத்தர் இப்படித்தான் மாமா பையன்னு சொல்லிட்டு வந்தாரு. கடைசியில பாத்தா இன்சூரன்ஸ் விக்கறவரு. ரெண்டு பேரும் சேந்து எடுத்த போட்டோ இருக்கா?"

பையில் அந்த விமானப் படம்தான் இருந்தது. இதில் மழைக்கோட்டு போட்டு நிற்பது அவள்தான் என்றேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது யாரா வேணா இருக்கலாமே தம்பி."

படத்தை வாங்கி மறுபடி பையில் வைத்துக்கொண்டேன்.

"சரி, சொல்லுங்க. அந்தப் பொண்ணு காலையில எழுந்ததும் என்ன குடிக்கும்?"

"டீ."

"டீயை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சாம். வயித்துல புண்ணு. வெந்நீர்தான் குடிக்குது."

வருடக்கணக்காகக் காலையில் என் எதிரில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"துணி துவைக்கறப்ப என்ன பாட்டு பாடும்?"

"அவ பாட மாட்டாம்மா."

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. சந்தேகமாக இருந்தது போய், என்மேல் பாவம் பார்ப்பது போல ஆயிற்று. "தம்பி, பாத்தா கெட்டவராத் தெரியலை. ஆனா சாவி தரமாட்டேன். விடியறதுக்குள்ள ஜீப் வந்து அதைக் கூட்டிட்டுப் போயிடுச்சு, எங்கியோ தொட்டி உடைஞ்சுபோச்சாம். இன்னிக்கு வருமா நாளைக்கு வருமான்னு தெரியாது. படியில வேணா உட்காருங்க" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் சாவி கொடுத்திருக்க மாட்டேன்.

மத்தியானம் ஒரு தட்டில் சோறு கொண்டுவந்து வைத்தார். "அந்தப் பிளேனைப் பாக்கத்தான் வந்தீங்கன்னா, இருபது நிமிஷ நடைதான்" என்றார். அதற்காக வரவில்லை என்றேன். போகத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு தடவை எழுந்து தெருமுனை வரை போனேன். அந்த நேரம் பார்த்து நீ வந்துவிட்டால் என்று திரும்பிவிட்டேன்.

நான் யாருக்காகவும் ஏழு மணி நேரம் காத்திருந்ததில்லை. பஸ் ஐந்து நிமிடம் தாமதமானாலே நடக்க ஆரம்பித்துவிடுவேன். இங்கே முதல் இரண்டு மணி நேரம் உன்மேல் கோபமாக இருந்தது. அப்புறம் பசித்தது. அப்புறம் ஒன்றுமே இல்லாமல், இரும்புப் படி, எதிர்ச் சுவர், சுவர்மேல் ஒரு பூனை. அது என்னைப் பார்த்தது, சலித்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இப்படித்தான் நீ சாயங்காலங்களில் உட்கார்ந்திருந்தாயா என்று யோசித்தேன். நான் எதிரிலேயே இருக்கும்போது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேல்படியில் நின்றால் உன் ஜன்னல் வழியே மேஜை தெரிகிறது. மேஜை மேல் அந்தப் படிவம் இருக்கிறது. அடியில், கையெழுத்துப் போடுகிற இடத்தில், கறுப்பாக ஏதோ தெரிகிறது. கையெழுத்தா, ஜன்னல் கம்பியின் நிழலா என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த வேலையில் நான் கெட்டிக்காரன். போனை வெளியே எடுத்தேன். மறுபடி பையில் போட்டுவிட்டு, இறங்கிவந்து இந்தப் படியில் உட்கார்ந்துவிட்டேன். போட்டிருந்தால் போட்டிருக்கட்டும். அதை உன் வாயால் கேட்கிறேன். மூன்று வருஷம் என்று சொன்னாலும் நீ சொல்லி முடிக்கிறவரை கேட்பேன்.

திரும்பிப் போகக் கடைசி பஸ் ஆறு நாற்பதுக்கு. தெருமுனையில் வந்து நின்று இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டது. கீழே மிஷின் சத்தம் நிற்கிறது.

"தம்பி, பஸ்ஸு கிளம்பப் போகுது."

"போகட்டும்மா. நான் இருக்கேன்."

மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. பூனையும் போய்விட்டது. வெளிச்சம் குறைகிறது, எழுதுவது எனக்கே தெரியவில்லை. இத்தோடு நிறுத்துகிறேன். உட்கார்ந்திருக்கிறேன்.